தொகுதி ஏற்றம் தடுமாறும்போது: போஸ்ட்கிரெஸுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இரவில் ஓடிய தரவு ஏற்றம் பாதியில் நின்றிருந்தால், பெரும்பாலோர் பிழைச் செய்தியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் துப்பு அதற்குக் கீழே இருக்கிறது. ‘கான்டெக்ஸ்ட்’ என்று தொடங்கும் வரி, எந்த அட்டவணை, கோப்பின் எத்தனையாவது வரி, எந்த நெடுவரிசை, அதில் என்ன மதிப்பு இருந்தது என்பதையெல்லாம் சொல்லிவிடும். ஏற்றத்தை ஓட்டும் உங்கள் பைப்லைன் கருவி அந்த வரியை மறைத்துவிட்டு ‘ஏற்றம் தோல்வி’ என்று மட்டும் காட்டினால், சர்வரின் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

சத்தம்போட்டு நிற்கும் பிழைகளைக் கண்டு நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவற்றை எப்படியும் அன்றே சரிசெய்துவிடுவோம். ‘வெற்றி’ என்று பதிவாகி, உள்ளே தரவு மட்டும் தவறாக இருக்கும் ஏற்றங்கள்தான் ஆபத்தானவை. மாதக் கடைசியில் யாராவது கூட்டிப் பார்க்கும்போதுதான் அவை வெளியே வரும். இங்கே அவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு இதுதான்: பல கிளைகளிலிருந்து நாள்தோறும் சிஎஸ்வி கோப்புகளாக விற்பனைப் பதிவுகள் வருகின்றன. காப்பி கட்டளை அவற்றை ஓர் இடைநிலை அட்டவணையில் கொட்டுகிறது. அங்கே சரிபார்த்த பிறகு, ‘இன்சர்ட்’ கட்டளை முதன்மை அட்டவணையில் சேர்க்கிறது. இடைநிலை அட்டவணையின் நெடுவரிசைகள் எல்லாம் டெக்ஸ்ட் வகையாகவே இருக்கட்டும். தானே ஏறும் ஓர் ஐடென்டிட்டி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; கோப்பில் எந்த வரிசையில் வந்ததோ அந்த ஒழுங்கு அதில் பதிந்திருக்கும். காப்பி கட்டளையில் மற்ற நெடுவரிசைகளின் பெயர்களை மட்டும் பட்டியலிட்டால் போதும், இந்த எண் தானாக நிரம்பும்.

நேரே முதன்மை அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். காப்பி கட்டளை வழக்கமாக எல்லாவற்றையும் ஏற்றும், அல்லது எதையுமே ஏற்றாது. பத்து லட்சம் வரிகளில் கடைசி வரி மட்டும் கெட்டிருந்தாலும் முழு ஏற்றமும் ரத்தாகும். அதுவரை எழுதிய வரிசைகள் செத்த வரிசைகளாக, வேக்கம் என்ற துப்புரவு வேலை ஓடும்வரை அட்டவணையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, ஆனால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்கிறது

காப்பி கட்டளை கோப்பைத் தேடுவது தரவுத்தள சர்வரின் வட்டில். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் அல்ல. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை அனுப்ப வேண்டுமானால், பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் பின்சாய்வுக்கோட்டுடன் தொடங்கும் காப்பியைப் பயன்படுத்துங்கள். நிரலிலிருந்து ஏற்றினால் ‘ஃப்ரம் எஸ்டிடிஇன்’ வடிவம். சர்வர் வட்டிலிருந்தே படிக்கத்தான் வேண்டும் என்றால், அந்தப் பயனருக்கு ‘பிஜி_ரீட்_சர்வர்_ஃபைல்ஸ்’ என்ற பொறுப்பு தேவை. ஏற்றம் ஓடவில்லை என்பதற்காக சூப்பர்யூசர் உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அறிகுறி: முதல் வரியிலேயே பிழை, மதிப்போ சரியாகத் தெரிகிறது

முழு எண்ணுக்கான இடத்தில் ‘1001’ என்ற மதிப்பு செல்லாது என்று செய்தி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அது 1001 ஆகத்தான் தெரியும். காரணம், அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் ஒட்டியிருக்கின்றன. எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் கோப்பின் தலையில் இந்த பிஓஎம் குறி சேர்ந்துவிடும். தலைப்பு வரி உள்ள கோப்பில் குறி தலைப்போடு போய்விடுவதால் காப்பி கட்டளை ஒன்றும் சொல்லாது. ஆனால் 15ஆம் பதிப்பில் வந்த ‘ஹெடர் மேட்ச்’ தேர்வைப் போட்டிருந்தால் முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். பைதான் வழியாகப் படிப்பவர்கள் என்கோடிங்கை (எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறையை) ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் குறி தானாக உதிர்ந்துவிடும்.

அறிகுறி: ‘பைட் வரிசை செல்லாது’

செய்தியில் எந்த பைட் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். எஃப்எஃப் என்றிருந்தால் கோப்பு யூடிஎஃப்-16இல் சேமிக்கப்பட்டிருக்க அதிக வாய்ப்பு. ஏற்றுவதற்கு முன்னால் ஐகான்வ் கருவியால் மாற்றிக்கொள்ளுங்கள். 92, 96 போன்றவை வந்தால், வேர்டிலிருந்து ஒட்டப்பட்ட வளைந்த மேற்கோளும் நீண்ட கோடும் விண்டோஸ்-1252 என்கோடிங்கில் வந்திருக்கின்றன என்று பொருள். காப்பி கட்டளையின் என்கோடிங் தேர்வில் ‘வின்1252’ என்று கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் தானே மாற்றிக்கொள்ளும். 00 வந்தால் தப்ப வழியில்லை. டெக்ஸ்ட் நெடுவரிசையில் அந்த பைட்டைச் சேமிக்கவே முடியாது, மூலத்திலேயே நீக்க வேண்டும்.

தமிழ்த் தரவை ஏற்றுபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பெயர்கள், கணினியைப் பொறுத்தவரை வெறும் ஆங்கில எழுத்துகள்தான். எந்தச் சோதனையிலும் சிக்காமல் உள்ளே போய்விடும். பெயர் நெடுவரிசையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாத வரிசைகள் எத்தனை என்று இடைநிலை அட்டவணையில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: நெடுவரிசை கூடுதல், நெடுவரிசை குறைவு, மூடாத மேற்கோள்

கூடுதல் என்றால், பெரும்பாலும் முகவரியில் வந்த காற்புள்ளி. மேற்கோளுக்குள் அடைக்காமல் அனுப்பியிருப்பார்கள். இது எளிது. மேற்கோள்குறி செய்யும் வேலைதான் பொல்லாதது, அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பொருள் பெயர் நெடுவரிசையில் 24" டிவி என்று ஒரு வரி வருகிறது. அங்குலத்துக்காகப் போட்ட குறி அது. போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி வாசிப்பான், புலத்தின் நடுவில் வந்தாலும் மேற்கோள்குறியை மேற்கோளின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த குறி வரும்வரை காற்புள்ளி, வரிமுறிவு எல்லாமே வெறும் எழுத்துதான். கோப்பில் வேறு மேற்கோளே இல்லையென்றால் கடைசிவரை போய், ‘மூடாத மேற்கோள்’ என்று நின்றுவிடும். அது நல்ல முடிவு.

கெட்ட முடிவு இது. 300 வரிகள் தள்ளி இன்னொரு 32" டிவி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறி மேற்கோளை மூடிவிடும். முதல் வரியின் பில் எண், நடுவே 299 வரிகளை அள்ளிக்கொண்ட ஒரு பிரம்மாண்டப் பொருள் பெயர், கடைசி வரியின் விலை என்று நெடுவரிசைகளின் எண்ணிக்கை அப்படியே சரியாகப் பொருந்திவிடும். பிழைச் செய்தி கிடையாது. 301 விற்பனைகள் ஒரே விற்பனையாகச் சுருங்கி உள்ளே போய்விடும்.

இதைப் பிடிக்க இரண்டு சோதனைகள் போதும். கோப்பின் வரி எண்ணிக்கையையும், காப்பி கட்டளை முடிவில் சொல்லும் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அடுத்து, இடைநிலை அட்டவணையில் பொருள் பெயருக்குள் வரிமுறிவு உள்ள வரிசைகளைத் தேடுங்கள். நிலையான தீர்வு, மேற்கோள்குறியை இரட்டிப்பாக்கி அனுப்பும்படி மூலத்தில் மாற்றுவது. அது நடக்கும்வரை, அனுப்புபவர்கள் மேற்கோளால் எதையும் அடைப்பதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், காப்பியின் ‘கோட்’ தேர்வுக்குத் தரவில் வரவே வராத ஒரு கட்டுப்பாட்டு எழுத்தைக் கொடுங்கள்; பேக்ஸ்பேஸ் எழுத்தைக் கொடுப்பது வழக்கம்.

அறிகுறி: எண், தேதி மறுக்கப்படுகிறது

1,25,000.00 என்ற தொகையை நியூமெரிக் வகை ஏற்காது. காற்புள்ளியையும் ரூபாய்க் குறியையும் நீக்கிவிட்டு மாற்றுங்கள். 16ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி_இன்புட்_இஸ்_வேலிட்’ என்றொரு செயற்கூறு இருக்கிறது. ஒரு மதிப்பு குறிப்பிட்ட வகைக்கு மாறுமா என்று, பிழை எழுப்பாமல், ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். இடைநிலை அட்டவணையில் இதை ஓட்டி, தேறாத வரிசைகளைத் தனி அட்டவணைக்கு ஒதுக்கிவிடலாம். 17ஆம் பதிப்பில் காப்பி கட்டளைக்கே ‘ஆன் எரர் இக்னோர்’ வந்திருக்கிறது. மாற்ற முடியாத வரிசைகளைத் தாண்டிப் போகும். தனித்தன்மை மீறல் (ஒரே பதிவு இரண்டாம் முறை வருவது) போன்றவற்றுக்கு உதவாது. பணம் சம்பந்தப்பட்ட தரவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒதுக்கப்பட்ட வரிசை ஓர் அட்டவணையில் நிற்க வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

வெற்று மதிப்பிலும் கவனம் வேண்டும். சிஎஸ்வியில் இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையே ஒன்றுமில்லை என்றால் அது ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. நடுவில் இரட்டை மேற்கோள் ஜோடி இருந்தால் அது வெற்றுச் சரம். எண் நெடுவரிசைக்கு வெற்றுச் சரம் ஆகாது.

தேதிக்கு வருவோம். நம் ஊர் வழக்கம் நாள், மாதம், ஆண்டு. சர்வரின் ‘டேட்ஸ்டைல்’ அமைப்பு மாதத்தை முதலில் எதிர்பார்த்தால், 13/04/2024 என்பது வரம்பு மீறியது என்று பிழை வரும். அதைப் பார்த்து அந்த வரிகளை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்தால் பெரும் தவறாகிவிடும். பிழை வராமல் உள்ளே போன 05/04/2024 ஏற்கெனவே மே 4 ஆகிவிட்டது! நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் தேதிகளைத் தவிர, ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாள்களும் இப்படிச் சத்தமில்லாமல் இடம் மாறும். எனவே தானியங்கி மாற்றத்தை நம்பாதீர்கள். ‘டு_டேட்’ செயற்கூற்றில் வடிவத்தை வெளிப்படையாக எழுதுங்கள். ஏற்றம் முடிந்ததும், வருங்காலத் தேதி உள்ள விற்பனை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மாதம் புரண்டிருக்கிறது.

அறிகுறி: ‘டூப்ளிகேட் கீ’

முன்பே உள்ள பதிவுதான் மீண்டும் வருகிறது என்றால், 9.5ஆம் பதிப்பிலிருந்து இருக்கும் ‘ஆன் கான்ஃபிளிக்ட்’ போதும்; மோதும் பதிவைத் தாண்டவோ பழையதைப் புதுப்பிக்கவோ அது சொல்லும். அதைப் போட்ட பிறகும், ஒரே வரிசையை இரண்டாம் முறை மாற்ற முடியாது என்று மறுத்தால், இரட்டைப் பதிவு உங்கள் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்டிங்க்ட் ஆன்’ கொண்டு ஒவ்வொரு சாவிக்கும் (பதிவை அடையாளம் காட்டும் மதிப்புக்கும்) கடைசியாக வந்த வரிசையை மட்டும் எடுங்கள். எது கடைசி என்று முடிவுசெய்ய அந்த ஐடென்டிட்டி எண் கைகொடுக்கும்.

ஏற்றம் நன்றாக முடிந்து, மறுநாள் செயலியிலிருந்து புதிய பதிவு சேர்க்கும்போது இந்தப் பிழை வந்தால் காரணம் வேறு. கோப்பிலிருந்த ஐடி எண்களை நேரடியாகச் செருகியிருக்கிறீர்கள். அடுத்த ஐடி எண்ணைத் தரும் சீக்வென்ஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது. ‘செட்வால்’ செயற்கூற்றால் அதை அட்டவணையின் பெரிய எண்ணுக்கு நகர்த்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, இரட்டைப் பதிவு என்று பிழை வர வேண்டிய இடத்தில் வராமலும் போகும். ஒரே ஊர்ப்பெயர் இரண்டு முறை சேர்ந்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘கொடுமுடி’ என்ற பெயரின் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கு இவை வெவ்வேறு சரங்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். 13ஆம் பதிப்பிலிருந்து உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தமிழ்ப் பெயர் சாவியின் பகுதியாக இருக்கும் எந்த அட்டவணைக்கும் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

அறிகுறி: ஏறுகிறது, ஆனால் ஊர்ந்து ஏறுகிறது

முதலில் கமிட்டை, அதாவது மாற்றங்களை நிலைப்படுத்தும் படியைப் பாருங்கள். வரிசைக்கு ஒரு கமிட் என்றால், ஒவ்வொன்றுக்கும் வட்டில் எழுதி முடியும்வரை காத்திருப்பு. சில ஆயிரம் வரிசைகளை ஒரே டிரான்ஸாக்ஷனில் (முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காத தொகுப்பில்) வைத்தாலே வேகம் பல மடங்கு கூடும். காப்பிக்கு மாறினால் இன்னும் வேகம். ஜாவாவிலிருந்து ஏற்றுபவர்கள், இணைப்பு முகவரியில் ‘ரீரைட்பேச்ட்இன்சர்ட்ஸ்’ அமைப்பை இயக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது இயல்பாக அணைந்திருக்கும்.

தொகுதியைப் பெரிதாக்கியதும் அளவுருக்கள் (கட்டளையோடு அனுப்பும் மதிப்புகள்) மிகுந்துவிட்டன என்று பிழை வந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரே கட்டளையில் 65,535 அளவுருக்களுக்கு மேல் போஸ்ட்கிரெஸுக்கு அனுப்ப முடியாது. 20 நெடுவரிசைகள் என்றால் 3,276 வரிசைகள்தான் உச்சம். எஸ்கியூஎல் சர்வரில் இந்த எல்லை 2,100 மட்டுமே. தொகுதி அளவு என்ற எண்ணை யோசிக்காமல் 10,000 என்று போடுவதன் விளைவு இது.

தொடக்கத்தில் வேகமாக ஓடி, போகப் போகத் தளர்கிறது என்றால் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்கள்மீது சந்தேகப்படுங்கள். முறையின்றி உருவாகும் யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண் முதன்மைச் சாவியாக இருந்தால், ஒவ்வொரு வரிசையும் இண்டெக்ஸின் வெவ்வேறு மூலையில் போய் விழும். இண்டெக்ஸ் நினைவகத்தைவிடப் பெரிதானதும் ஒவ்வொரு செருகலுக்கும் வட்டைத் தொட வேண்டியிருக்கும். போஸ்ட்கிரெஸ் தனக்காக ஒதுக்கும் நினைவகமான ‘ஷேர்ட் பஃபர்ஸ்’ இயல்பாக வெறும் 128 எம்பி என்பதையும் மறக்க வேண்டாம். 18ஆம் பதிப்பில் வந்துள்ள ‘யூயூஐடிவி7’ நேர வரிசையில் ஏறுவதால் இந்தத் தொல்லை குறையும். முதல்முறை மொத்த ஏற்றம் என்றால், இரண்டாம் நிலை இண்டெக்ஸ்களை நீக்கிவிட்டு, ஏற்றி முடித்த பிறகு ‘மெயின்டனன்ஸ் வொர்க் மெம்’ என்ற நினைவக அளவைக் கூட்டி மீண்டும் உருவாக்குவது நல்லது. அன்றாடச் சிறு ஏற்றத்துக்கு அது வேண்டாம். பகலில் அந்த இண்டெக்ஸை நம்பி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள்.

லாக்கில் ‘செக்பாயிண்ட்கள் அடிக்கடி நிகழ்கின்றன’ என்ற எச்சரிக்கை தென்பட்டால், 1 ஜிபி என்ற இயல்பு நிலையில் இருக்கும் ‘மேக்ஸ் வால் சைஸ்’ அமைப்பை உயர்த்துங்கள் (‘வால்’ என்பது மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவுக் கோப்புகள்). காப்பி விரைவாக முடிந்து, அடுத்த சேர்ப்புப் படி மட்டும் இழுத்தால், இடைநிலை அட்டவணைக்கு ‘அனலைஸ்’ ஓட்டியிருக்க மாட்டீர்கள். அட்டவணை காலியாக இருந்தபோது எடுத்த கணக்கை வைத்துத்தான் வினவலைத் திட்டமிடும் பகுதி வழி போடுகிறது.

வட்டு நிரம்பி நின்றால் ‘பிஜி_வால்’ அடைவில் கை வைத்து எதையும் அழிக்காதீர்கள். தரவுத்தளமே எழாமல் போகலாம். பிரதித் தரவுத்தளத்துக்காக ஒதுக்கப்பட்டு, யாரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஏதாவது அங்குள்ள வால் கோப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: பிழையும் இல்லை, அசைவும் இல்லை

14ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_காப்பி’ எத்தனை வரிசைகள் ஏறியிருக்கின்றன என்று காட்டும். எண் நகர்ந்தால் காத்திருங்கள். நகரவில்லையென்றால் ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் உங்கள் செயல்முறை பூட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று பார்த்து, ‘பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்’ கொண்டு பூட்டை வைத்திருப்பது யார் என்று கண்டுபிடியுங்கள். அங்கே ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ என்று ஒரு இணைப்பு நிற்பதைப் பல முறை காண்பீர்கள். யாரோ ஒரு வரிசையை மாற்றிவிட்டு, கமிட் செய்யாமல் சாளரத்தைத் திறந்தபடி விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இணைப்பை முடிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘டெட்லாக்’ (ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை) என்று வந்தால், இரண்டு ஏற்றிகள் ஒரே வரிசைகளை வெவ்வேறு ஒழுங்கில் மாற்றுகின்றன. சேர்ப்பதற்கு முன் இரண்டும் சாவியின்படி அடுக்கிக்கொள்ளட்டும்.

அறிகுறி: மறுமுயற்சிக்குப் பிறகு சில பதிவுகள் இரட்டித்திருக்கின்றன

தொகுதிக்கு ஒரு கமிட் என்று ஓடும் ஏற்றம் ஏழாவது தொகுதியில் விழுந்தால், முதல் ஆறும் உள்ளேதான் இருக்கும். திட்டமிடல் கருவி முழு வேலையையும் மறுபடி ஓட்டும்போது அவை இரண்டாம் முறை ஏறும். அப்பாச்சி ஸ்பார்க் என்ற பெருந்தரவுக் கருவி ஜேடிபிசி இணைப்பு வழியே எழுதும்போதும் இதே கதை. ஒவ்வொரு பார்ட்டிஷனும் (தரவுத் துண்டும்) தனி டிரான்ஸாக்ஷன், மொத்த வேலைக்கும் ஒரு டிரான்ஸாக்ஷன் என்பது அங்கே இல்லை. ‘ஏற்றிய கோப்புகள்’ என்று ஓர் அட்டவணை வைத்து, கோப்பின் பெயரையும், உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் தனித்தன்மைக் கட்டுப்பாட்டுடன் எழுதுங்கள். தரவு சேரும் அதே டிரான்ஸாக்ஷனில் அந்த வரியும் எழுதப்பட வேண்டும் என்பதுதான் இதன் உயிர். தனியாக எழுதினால், இரண்டுக்கும் நடுவே மின்சாரம் போகும் ஒரு நாள் வரும்.

அறிகுறி: எல்லாம் வெற்றி, ஆனால் மூலத்தில் உள்ள சில பதிவுகள் இங்கே இல்லவே இல்லை

கோப்புக்குப் பதிலாக, மூலத் தரவுத்தளத்திலிருந்து ‘கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு மாறியவை’ என்று வினவி எடுப்பவர்களுக்கு வரும் அறிகுறி இது. மூலத்தில் ஒரு டிரான்ஸாக்ஷன் 10:00 மணிக்குத் தொடங்கி 10:04க்குக் கமிட் ஆகிறது. மாற்ற நேரத்தை ‘நவ்’ செயற்கூறு நிரப்பினால், போஸ்ட்கிரெஸில் அது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம், அதாவது 10:00. உங்கள் பைப்லைன் 10:02க்கு வந்து படிக்கிறது. கமிட் ஆகாத அந்த வரிசை கண்ணில் படாது. 10:01க்கு மாறிய வேறொரு வரிசையை எடுத்துக்கொண்டு, எல்லையை 10:01 என்று குறித்துவிட்டுப் போகிறது. அடுத்த முறை 10:01க்குப் பிந்தியவற்றைத்தான் கேட்கும். 10:00 முத்திரையுள்ள வரிசை இனி ஒருபோதும் வராது.

ஒவ்வொரு முறையும் எல்லையிலிருந்து கொஞ்சம் பின்னால் போய், அந்த இடைவெளியை மீண்டும் எடுங்கள். மூலத்தில் மிக நீளமாக ஓடும் டிரான்ஸாக்ஷனைவிட அந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும். திரும்ப வரும் வரிசைகளை ‘ஆன் கான்ஃபிளிக்ட்’ பார்த்துக்கொள்ளும். அதோடு, நாளுக்கு ஒருமுறை, முந்தைய நாளின் பதிவு எண்ணிக்கையையும் தொகைக் கூட்டலையும் இரு பக்கமும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ஏற்றத்தைத் தோல்வி என்று அறிவிக்கும் ஒரு படியைப் பைப்லைனின் கடைசியில் சேருங்கள். மூலத்தில் நீக்கப்பட்ட பதிவுகளை, மாறியவற்றை மட்டும் எடுக்கும் இந்த வழி கண்டுகொள்ளாது. அவை முக்கியமென்றால் நீக்கங்கள் உட்பட மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மாறுவது ஒரு வழி.